பிரபலக் காதல் கதைகளின் இரண்டாம் பாகம் ஏன் ஏமாற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்குடியிருப்பின் பொது மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் ஒரு வாசிப்பு வட்டம் நடக்கிறது. சாதாரண தரம், உயர்தரம் படிக்கும் பிள்ளைகள்தான் அதிகம். இரவல் கொடுப்பதற்கு ஓர் அலுமாரி நிறையப் புத்தகங்கள் வைத்திருக்கிறோம். அவற்றில் மிக வேகமாகக் கைமாறுபவை ஆங்கிலத்தில் வரும் பதின்ம வயதுக் காதல் நாவல்கள். அதிலும், சாதாரணப் பெண்ணொருத்தி திடீரென்று நடிகையாகி, கூட நடிப்பவனைக் காதலிக்கும் கதை என்றால் தனி வரவேற்பு. முதல் பாகத்தைக் கொண்டுபோகும் பிள்ளை அடுத்த கிழமையே வந்து "மற்றது இருக்கா அக்கா?" என்று கேட்கும். அந்த மற்றதைக் கொண்டுபோனால் முகம் வாடித் திரும்பும். பிறகு கேள்விகள் தொடங்கும்.

ஒவ்வொருவர் கையிலும் வேறு வேறு புத்தகம், மனக்குறை மட்டும் ஒன்றே. அதனால் எந்த ஒரு தொடரின் பெயரையும் சொல்லி அதை மட்டும் குற்றம் சாட்டாமல், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளைப் போட்டு, நான் சொல்லிவரும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

"அக்கா, இது சினிமாக் கதையா, காதல் கதையா?"

காதல் கதை. சினிமா அது நடக்கும் இடம். அமைப்பு ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒன்றுதான். அமைதியான ஊரொன்றில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும் பதினாறு, பதினேழு வயதுப் பெண்ணுக்குப் பெரிய படமொன்றில் வாய்ப்புக் கிடைக்கிறது. கூட நடிப்பவர்களில் ஒருவன் ஏற்கெனவே உலகமறிந்தவன், எல்லோரோடும் கலகலப்பாகப் பழகுகிறவன். இன்னொருவன் அதிகம் பேசமாட்டான். அவனைப் பற்றி ஏதாவது கெட்ட கதை உலவும். படம் முடிவதற்குள் அவள் ஒருவனைத் தெரிவு செய்வாள். அத்தோடு முதல் பாகம் முடியும்.

இரண்டாம் பாகம், படம் ஓடிப் புகழ் வந்த பிறகு தொடங்கும். வாசலில் கமராக்காரர்கள், ஊர்ச் சிநேகிதியோடு மனஸ்தாபம், தெரிவு செய்தவனோடு பிணக்கு, தெரிவு செய்யாதவன் பக்கம் திரும்பவும் சாயும் மனம். சிலவற்றில் சினிமாவுக்குப் பதிலாகப் பாட்டுக் குழு வரும். மற்றதெல்லாம் இதே ஒழுங்குதான்.

"முதல் பாகம் கிடைக்கேல்லை. ரெண்டாவத மட்டும் வாசிச்சா விளங்குமோ?"

விளங்கும். முதல் இரண்டு அத்தியாயங்களுக்குள் பழைய கதையைச் சொல்லிவிடுவார்கள். ஆனாலும் வேண்டாம். இந்த வகையில் நல்ல எழுத்தெல்லாம் பெரும்பாலும் முதல் பாகத்தில்தான் இருக்கிறது. அது அலுமாரிக்குத் திரும்பும்வரை பொறுத்திருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

"முதல் புத்தகத்த ஒரே இரவில முடிச்சன். ரெண்டாவது அம்பது பக்கம் தாண்ட ஏலாமக் கிடக்கு. எனக்குத்தான் ஏதும் பிழையா?"

உங்களில் ஒரு பிழையும் இல்லை. அந்த ஐம்பதாவது பக்கத்தைச் சுற்றித்தான் மற்றப் பிள்ளைகளும் நிற்கிறார்கள். திரும்பி வந்த பிரதியொன்றில் 101 இலக்க பஸ் டிக்கெட் ஒன்று இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் அடையாளத்துக்கு வைத்தபடியே இருந்தது. அதற்குப் பிறகு பக்கங்கள் விரிந்த தடயமே இல்லை. கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே ஒட்டிக்கொண்டிருந்தன. அதே பிள்ளை முதல் பாகத்தைத் திருப்பித் தந்தபோது முதுகு பிரிந்து, நடுவில் மைலோ கொட்டிய கறையோடு தந்தது.

முதல் பாகத்தை இழுத்துச் சென்றது, அந்தப் பெண்ணுக்கும் அவள் போய்ச் சேர்ந்த உலகத்துக்கும் நடுவில் இருந்த தூரம். வசனத்தை இரவிரவாகப் பாடமாக்குகிறாள். ஒப்பனைக் கதிரையில் எப்படி இருப்பதென்று தெரியவில்லை. இயக்குநர் குரலை உயர்த்தினால் கண் கலங்குகிறது. காதலும் அந்த வேலைக்குள்ளேயே முளைக்கிறது. ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப எடுக்கும்போது எதிரில் நிற்பவன் பொறுமையாக நிற்கிறானா, எரிந்து விழுகிறானா என்பதை வைத்தே அவள் அவனை அறிந்துகொள்கிறாள். நாமும் அப்படித்தான் அவனை அறிகிறோம்.

இரண்டாம் பாகத்தில் அவளுக்கு வேலையே இல்லை. நடிகை என்கிறார்கள், நடிப்பதை நாம் காண்பதில்லை. "படப்பிடிப்பு முடிந்தது" என்று ஒரு வரி வரும். அதற்கு முந்திய விருந்துக்கு எந்த உடுப்பைப் போடுவது என்பதற்கு ஓர் அத்தியாயம் போகும். விமானம், ஹோட்டல் அறை, விருந்து, போன், திரும்பவும் ஹோட்டல் அறை. முதல் பாகத்தில் காதல் எதிலிருந்து பிறந்ததோ அதையே எடுத்துவிட்டுக் காதலை மட்டும் தனியே நிறுத்தினால் அது எப்படி நிற்கும்? என் கணிப்பில் இந்தத் தொடர்கள் சறுக்கும் இடம் இதுதான். கீழே வரும் பல பதில்களிலும் இதைத்தான் தொட்டுச் செல்வேன்.

"முதல் பாகத்தில எவ்வளவு கெட்டிக்காரி. இதில ஏன் சும்மா சும்மா அழுறாள்?"

முந்நூறு பக்கம் நிரம்ப வேண்டும், நிரப்ப வேலை இல்லை. அப்போது எழுத்தாளருக்குக் கையிலுள்ள ஒரே வழி, தீர்மானத்தைத் தள்ளிப்போடுவது. அவள் தெளிவாக யோசித்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால், அவளைத் தெளிவாக யோசிக்க விடுவதில்லை. அழுவதில் பிழையில்லை. பதினேழு வயதில் திடீரென்று உலகமே உற்றுப் பார்த்தால் யாருக்கும் அழுகை வரும். ஆனால் அழுகைக்குப் பிறகு அவள் ஏதாவது செய்ய வேண்டும். இவள் அடுத்த அழுகை வரும்வரை காத்திருக்கிறாள்.

எங்கள் வட்டத்தில் ஒரு சோதனை வைத்திருக்கிறோம். இந்தப் பிரச்சினை ஒரு போன் கோலில் தீர்ந்துவிடுமா? "அந்தப் படத்தில் உன்னோடு நின்றது யார்?" என்று கேட்டிருந்தால் எட்டு அத்தியாயம் மிச்சமாகியிருக்கும் என்றால், அந்த எட்டு அத்தியாயமும் பக்கத்தை நிரப்பத்தான். கேட்டும் தீராத பிரச்சினை என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

"மிஸ், அவ ஒருத்தன செலக்ட் பண்ணிட்டா தானே? பிறகும் ஏன் திரும்ப அதே முக்கோணக் காதல்?"

வாசகர்கள் கேட்பதால். முதல் பாகம் வெளிவந்ததும் வாசிப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். தோற்ற கட்சிக்கும் இரண்டாம் பாகத்தை விற்க வேண்டும் என்றால், தோற்றவனைத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

இந்த நெருக்கடி இன்று நேற்று வந்ததல்ல. 'லிட்டில் விமன்' நாவலின் முதல் பாகம் 1868இல் வந்தபோது, அதை வாசித்த சிறுமிகள் ஜோவைப் பக்கத்து வீட்டு லோரிக்குக் கட்டிவைக்கும்படி லூயிசா மே அல்கொட்டுக்கு எழுதினார்கள். அவர் இணங்கவில்லை. 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோ லோரியை மறுத்து, கடைசியில் தன்னிலும் வயது கூடிய ஜெர்மன் பேராசிரியர் ஒருவரை மணக்கிறாள். லோரி அவளுடைய தங்கை ஏமியை மணக்கிறான். அதற்காக இன்றைக்கும் கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வட்டத்திலேயே இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கோபம் வேறு வகையானது. பிடிக்காத முடிவு என்று சொல்கிறார்களே தவிர, பொய்யான முடிவு என்று யாரும் சொல்வதில்லை. ஜோ அந்தப் பாகத்தில் நியூயோர்க்குக்குப் போகிறாள், விடுதியொன்றில் தங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், பத்திரிகைக்குப் பரபரப்புக் கதைகள் எழுதி விற்கிறாள். பேராசிரியர் அவளுடைய வாழ்க்கைக்குள் நுழைவதே அந்த வேலை நடக்கும் வீட்டுக்குள், அந்தக் கதைகளைப் பற்றிய அபிப்பிராயத்தோடுதான். மேலே சொன்ன குறையை ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே தவிர்த்துக் காட்டிய புத்தகம் அது. அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, எடுத்து வாசியுங்கள்.

"ஹொலிவூட்டில உண்மையாவே இப்பிடித்தான் இருப்பினமோ? ஒரே பார்ட்டியும் பிளேனும்?"

பதினேழு வயது நடிகைக்கு அவ்வளவு நேரம் கிடைக்காது. கலிபோர்னியாவில் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் நடிப்பதற்கு அரசு அனுமதி எடுக்க வேண்டும். நேரக் கணக்கும் கடுமையானது. 16, 17 வயதுக்காரர், பள்ளி நடக்கும் காலத்தில், ஒரு நாளில் 10 மணி நேரம் தளத்தில் இருக்கலாம். அதில் வேலை 6 மணி நேரம், படிப்பு 3 மணி நேரம், ஓய்வு 1 மணி நேரம். ஆறு மாதம் நிறையாத கைக்குழந்தை என்றால் தளத்தில் 2 மணி நேரம், அதிலும் வேலை 20 நிமிடம் மட்டும். உயர்பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கும் அதற்கு இணையான தேர்ச்சி பெற்றவர்களுக்கும் இந்த நேரக் கட்டுப்பாடு தளர்கிறது. அதனாலேயே சில இளம் நடிகர்கள் அந்தப் பரீட்சையை முந்திக்கொண்டு எழுதிவிடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள், இதற்குள் எவ்வளவு கதை கிடக்கிறது. காலையில் உலகத்துக்கே தெரிந்த காதலியாக நடித்துவிட்டு, இடைவேளையில் தளத்து ஆசிரியையின் முன்னால் இருந்து கணக்குச் செய்யும் பிள்ளை. எங்கள் பிள்ளைகள் டியூஷனுக்கு அலைகிற மாதிரி அவளுக்கும் தீராத பாடம் இருக்கிறது. எதிரில் நடிக்கும் இருபத்திரண்டு வயதுக்காரனுக்கு அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அவனுடைய நாள் அவனுடையது. அந்த வித்தியாசம் ஒன்றே காதலைச் சோதிக்கப் போதும். நான் கண்ட இரண்டாம் பாகங்கள் இதைத் தொடுவதே இல்லை.

பணமும் அப்படித்தான். 1921இல் வந்த 'த கிட்' படத்தில் சாப்ளினோடு நடித்த சிறுவன் ஜாக்கி கூகன், இளைஞனாகிக் கணக்குக் கேட்டபோது, அவன் உழைத்ததில் பெரும்பகுதியைத் தாயும் அவருடைய இரண்டாவது கணவரும் செலவழித்திருந்தார்கள். 1938இல் அவர் வழக்குப் போட்டார், கைக்கு வந்தது சொற்பம். அந்த வழக்கின் விளைவாக 1939இல் கலிபோர்னியாவில் ஒரு சட்டம் வந்தது. இப்போதுள்ள வடிவத்தில், சிறுவயது நடிகரின் மொத்த ஊதியத்தில் 15 வீதத்தை யாரும் தொட முடியாத கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டும். ஆனால் நம்முடைய நாவல்களில் கதாநாயகியின் பணம் யார் கையில் இருக்கிறது என்று யாராவது கேட்டதுண்டா? தாய் தகப்பன் இரண்டு முறை போன் எடுத்து "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு மறைந்துவிடுகிறார்கள்.

"படம் ஓடுறதுக்காக லவ் பண்ற மாதிரி நடிக்கச் சொல்லுவாங்களாமே, உண்மையா?"

விளம்பரத்துக்காகத் தனிவாழ்க்கையைச் சோடிப்பது அமெரிக்க சினிமாவின் தொடக்க காலத்திலேயே இருந்தது. 1910இல் காள் லெம்லி என்ற தயாரிப்பாளர், போட்டி நிறுவனத்திலிருந்து தன் நிறுவனத்துக்கு வந்த புளோரன்ஸ் லோரன்ஸ் என்ற நடிகை விபத்தில் இறந்துவிட்டார் என்ற கதை பரவிய பிறகு, அது பொய் என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார். கதையைப் பரப்பியதும் அவருடைய ஆட்களே என்பதுதான் சினிமா வரலாற்றில் சொல்லப்பட்டு வருவது. பிறகு நடிகையை செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு நேரில் கொண்டுபோய் நிறுத்தினார், சனம் திரண்டது. அதுவரை அந்த நடிகையின் பெயர்கூடத் திரையில் வந்ததில்லை. 1921இல் நடிகர் ரொஸ்கோ ஆர்பக்கிள் மீதான வழக்கு வெடித்த பிறகு, நடத்தை கெட்டால் ஊதியத்தை நிறுத்தலாம் என்ற நிபந்தனையை யூனிவேர்சல் நிறுவனம் ஒப்பந்தங்களில் சேர்த்தது. ஸ்டூடியோக்கள் தங்கள் நட்சத்திரங்களைச் சோடியாக வெளியில் அனுப்பிப் படம் பிடிக்கவைத்ததும் அந்தக் காலத்து வழக்கம்.

ஆகவே கதையில் அப்படி வருவதில் தவறில்லை. தவறு, அதைப் பாதியில் கைவிடுவது. பெரும்பாலும் ஒரு கொடுமைக்கார விளம்பர மேலாளரைக் கொண்டுவந்து, "நீங்கள் பிரியக்கூடாது" என்று மிரட்டவைத்து, கடைசியில் அவரைத் திட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது, அவள் கையெழுத்து வைத்தபோது பக்கத்தில் யார் இருந்தார்கள், பிரிந்தால் யாருக்கு நட்டம் என்றெல்லாம் போயிருந்தால் அங்கே கதை சூடு பிடித்திருக்கும்.

"போட்டோ எடுக்கிறவங்க இப்பிடித் துரத்துறாங்களே. சட்டம் ஒண்டும் இல்லையா?"

இருக்கிறது. 1997இல் பாரிஸில் இளவரசி டயானா இறந்ததற்கு மறுவருடம், ஒருவருடைய தனிப்பட்ட வாழ்க்கைக்குள் அத்துமீறிப் படமெடுப்பதற்கு எதிராகக் கலிபோர்னியா சட்டம் இயற்றியது. பிரபலங்களின் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வதற்கான தண்டனை 2014 தொடக்கத்திலிருந்து கடுமையாக்கப்பட்டது. நாவல்களில் யாரும் வக்கீலிடம் போவதில்லை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை உண்மையில் கேட்க வந்தது வேறு. வகுப்பில் யாரோ எடுத்த படம் வட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பற்றி. அப்படி ஏதும் நடந்தால் ஒளிக்க வேண்டாம். படத்தை அழிக்கச் சொல்லிக் கெஞ்சுவதற்கு முதல் திரைப்பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு நீங்களே அழைக்கலாம். இந்த விடயத்தில் நாவல்கள் செய்யும் கெடுதல் ஒன்று உண்டு. ஒரு படம் வெளியானதும் எல்லாம் முடிந்துபோனது போல் பதறுகிறார்கள். ஒன்றும் முடிந்துபோவதில்லை, பிள்ளை.

"டீச்சர், என்ட மகளுக்குப் பதினாலு வயசு. இதுகள வாசிக்கக் குடுக்கலாமோ?"

முதல் பாகங்கள் பெரும்பாலும் முத்தத்தோடு நின்றுவிடும். இரண்டாம் பாகத்தில் கதாபாத்திரங்களுக்கு ஒரு வயது கூடியிருக்கும், எழுத்தும் கொஞ்சம் முன்னே போகும், விருந்துகளில் குடி வரும். பதினாலு வயதுப் பிள்ளை கிரகிக்க முடியாத எதையும் பதின்ம வயதினருக்கான வரிசையில் வந்த புத்தகங்களில் நான் அதிகம் காணவில்லை. எனக்குக் கவலை தருவது வேறு: போனைத் தட்டிப் பறித்துப் பார்க்கிற, யாரோடு பேசினாய் என்று விசாரிக்கிற கதாநாயகனைச் சில புத்தகங்கள் அன்பானவனாகக் காட்டுகின்றன. அதைப் பற்றி மகளோடு பேசுங்கள். புத்தகத்தைப் பறித்தால் பேச முடியாது.

அட்டையைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க வேண்டாம். பதின்ம வயது வரிசை என்பது பொதுவாக 12 முதல் 18 வரையானவர்களுக்கு. அதற்கு மேற்பட்ட வயதினருக்கென்று 2009இல் ஓர் அமெரிக்கப் பதிப்பகம் 'நியூ அடல்ட்' என்று பெயரிட்டுத் தனி வகையொன்றைத் தொடங்கிவைத்தது. இப்போது இரண்டுக்கும், வளர்ந்தவர்களின் காதல் நாவல்களுக்கும் ஒரே மாதிரிக் கார்ட்டூன் அட்டைதான். கடைகளில் எல்லாம் ஒரே தட்டில் இருக்கும். உள்ளே பதிப்பு விபரப் பக்கத்தையும் நடுவில் ஓர் அத்தியாயத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

"எங்கட காலத்தில மாத நாவல் வாசிச்சம். ரெண்டாம் பாகம், மூண்டாம் பாகம் எண்டு இழுக்கேல்லையே?"

இழுக்க இடமில்லை, அம்மா. மாத நாவல் ஓர் இதழுக்குள் முடிய வேண்டும். சந்திப்பு, சந்தேகம், தெளிவு, கல்யாணம் எல்லாவற்றையும் ஒரே இதழுக்குள் அடக்கினார்கள். அதனால் தேவையில்லாத விருந்து வராது. தொடர்கதை எழுதியவர்களுக்கும் கிழமைக்குக் கிழமை வாசகரை நிறுத்திவைக்க வேண்டிய கட்டாயம் இருந்தது, ஒவ்வொரு வாரமும் ஏதாவது நடந்தாக வேண்டும்.

ஆனால் அந்தக் கதைகள் கல்யாணத்தோடு நின்றன என்பதையும் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவள் வேலைக்குப் போனாளா, படித்தாளா, மாமியாரோடு எப்படிச் சமாளித்தாள் என்பதை நாமே கற்பனை செய்துகொண்டோம். இரண்டாம் பாகம் எழுதத் துணிகிறவர் அந்தக் கடினமான பகுதிக்குள் காலை வைக்கிறார். துணிந்ததற்கு மதிப்பளிக்கிறேன். உள்ளே போன பிறகு எதையும் பார்க்காமல் திரும்பி வருவதுதான் மனவருத்தம்.

"ரெண்டாவது சரியில்லை எண்டு தெரியும். மூண்டாவத வாங்கவோ?"

வாங்க வேண்டாம். இரவல் எடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை ஏறியபோது ஏறிய இறக்குமதிப் புத்தகங்களின் விலை பழையபடி இறங்கவே இல்லை. ஒரு நடுத்தரக் குடும்பம் சந்தேகத்தின் பேரில் வாங்கக்கூடிய பொருள் அல்ல அது. விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள பொது நூலகத்தில் முதலில் பாருங்கள். மருதானை டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில், பேரம் பேசத் தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால், முழுத் தொடரும் ஒன்றாகக் கிடைக்கும். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்தில் நடக்கும் புத்தகக் கண்காட்சிக்குப் போவதென்றால், அங்கே வேறு புத்தகத்துக்குக் காசை வைத்துக்கொள்ளுங்கள்.

"இங்கிலீஷ் வளரும் எண்டு டியூஷன் சேர் சொன்னவர். உண்மையா?"

பேச்சு ஆங்கிலம் வளரும். வசனங்கள் குறுகியவை, சொற்கள் அன்றாடம் புழங்குபவை. அதற்கு முதல் பாகம் போதும். அலுப்பூட்டும் புத்தகத்தை மொழிக்காக வாசித்தால் மொழியும் சேர்ந்து அலுத்துவிடும்.

"பிடிக்கேல்லை எண்டு எழுதினா, எழுதினவவின்ட மனசு நோகாதா?"

நோகலாம். ஆனாலும் எழுதுங்கள். முதல் பாகத்தை விரும்பியவர்தான் இரண்டாவதில் ஏமாறுகிறார், அந்த ஏமாற்றத்துக்குள் அன்பு இருக்கிறது. அதைக் காட்டும்படி எழுதினால் போதும். "குப்பை", "வேஸ்ட்" என்று எழுதினால் உங்களுக்கும் பயனில்லை, வாசிப்பவருக்கும் பயனில்லை. எந்த அத்தியாயத்தில் கை தளர்ந்தது, அதற்கு முதல் அத்தியாயத்தில் எது பிடித்திருந்தது, மேலே சொன்ன போன் கோல் சோதனையில் எது விழுந்தது என்று எழுதுங்கள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள், அடுத்தவர் வாசிக்க வேண்டும்.

எழுத்தாளரைத் தாக்க வேண்டாம். வருடத்துக்கு ஒரு பாகம் என்ற கணக்கில் பல தொடர்கள் வருகின்றன. முதல் பாகத்துக்குப் பல வருடம் கிடைத்திருக்கலாம். இரண்டாவதுக்குக் கிடைத்தது சில மாதங்களாக இருக்கலாம். அவருடைய தோற்றத்தையோ குடும்பத்தையோ இழுப்பது, கதைக்குள் அந்தக் கமராக்காரர்கள் செய்யும் வேலையை நாமும் செய்வதாகும்.

"எனக்கு அவள விட அவளின்ட ஊர்ச் சிநேகிதியத்தான் பிடிச்சது. நான் கதையப் பிழையா விளங்கிற்றனோ?"

மிகச் சரியாக விளங்கியிருக்கிறீர்கள். பல இரண்டாம் பாகங்களில் சிநேகிதிதான் உயிரோடு இருக்கிறாள். அவள் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறாள், கடையில் வேலை செய்கிறாள், புதிய ஆட்களைச் சந்திக்கிறாள், கோபம் வந்தால் முகத்துக்கு நேரே சொல்கிறாள். அவளுக்குச் செய்ய வேலை இருக்கிறது. ஆனால் கதாநாயகி அவளுடைய போனை எடுக்காமல் விட்டதற்கு மன்னிப்புக் கேட்கும் ஒரு காட்சிக்காகவே அவளைக் கூப்பிடுகிறார்கள். மன்னிப்புக் கிடைத்ததும் அனுப்பிவிடுகிறார்கள். ஏ.எல். முடித்து வெளிநாடு போன சிநேகிதிகளோடு இதே தூரத்தை நம் பிள்ளைகள் நேரில் காண்கிறார்கள். கட்டுநாயக்காவில் வழியனுப்பிவிட்டு வந்து, முதல் மாதம் தினமும் பேசி, பிறகு பிறந்தநாளுக்கு மட்டும் குறுந்தகவல் அனுப்புகிறவர்கள் எங்கள் வட்டத்தில் பலர். அவர்களுக்கு அந்தச் சிநேகிதியின் பக்கத்துக் கதை வேண்டும். அது எழுதப்படவில்லை என்பதுதான் அவர்கள் குறை.

"அவள் புகழ எல்லாம் விட்டிட்டு ஊருக்கு வந்தா அதுதானே நல்ல முடிவு?"

இதற்கு வட்டத்தில் பெரிய வாக்குவாதமே நடந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு பெண் தன் உழைப்பால் அடைந்ததை விட்டுக்கொடுத்தால்தான் நல்லவள் என்று காட்டும் முடிவு எனக்கு உறுத்துகிறது. கூட நடித்த பையன்கள் யாரும் நடிப்பை விடுவதில்லை, கவனித்தீர்களா? அவர்கள் அடுத்த படத்துக்குப் போகிறார்கள்.

அவள் விட்டுவிட்டு வருவதற்குக் காரணம் நடிப்புப் பிடிக்கவில்லை என்பதாக இருந்தால், அதை நம்பும்படி காட்ட வேண்டும். காட்ட வேண்டுமென்றால் அவள் நடிப்பதை நாம் பார்த்திருக்க வேண்டும். ஐம்பதாவது பக்கத்துக் கேள்விக்குச் சொன்ன பதில் இங்கேயும் வந்து நிற்கிறது. நடிப்பைக் காணாத வாசகருக்கு, அவள் எதை விட்டாள் என்பதே தெரியாது.

"பிடிக்காத ரெண்டாம் பாகத்த நானே வேற மாதிரி எழுதலாமா அக்கா?"

எழுதுங்கள். இதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷம்தான். இணையத்தில் உலகம் முழுவதும் வாசகர்கள் அப்படி எழுதுகிறார்கள். விற்கக் கூடாது, காசு வாங்கக் கூடாது, மூலத்தை எழுதியவரின் பெயரை மறைக்கக் கூடாது. கதாபாத்திரங்கள் அவருடைய சொத்து.

விருந்தில் தொடங்காதீர்கள். முதல் நாள் படப்பிடிப்பில், வசனம் மறந்துபோன இடத்தில் தொடங்குங்கள். தமிழில் எழுதினால் இன்னும் நல்லது. அவள் அங்கேயே இருக்கட்டும், அவளைக் கொழும்புக்குக் கொண்டுவந்தாக வேண்டும் என்றில்லை. கொண்டுவருவதென்றால் காலி வீதி நெரிசல், வீட்டாரின் கேள்விகள், டியூஷன் நேர அட்டவணை எல்லாவற்றோடும் கொண்டுவாருங்கள். எழுதிய பக்கங்களைச் சனிக்கிழமை கொண்டு வந்தால் வட்டத்தில் வாசிக்கலாம். பெயர் போட வெட்கமென்றால் பெயரில்லாமல் என்னிடம் தாருங்கள், நானே வாசிக்கிறேன்.